வலது முன் டயரும் மூவர் குழுவும்

சக்கரத்தைக் கண்டுபிடித்ததுதான் மனித குலத்தின் முதல் பெரும் சாதனை என்பார்கள். சக்கரம் தேய்ந்தால் அதற்குக் காரணம் அதை ஓட்டியவன்தான் என்று கண்டுபிடித்தது இரண்டாவது பெரும் சாதனை. முதல் சாதனையைச் செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது; பாவம், அவரிடம் முத்திரை இல்லை. இரண்டாவதைச் செய்தது ஸ்லிவென் நகரின் பெரிய சாலையில் கண்ணாடிச் சுவர்களோடு நிற்கும் 'பால்கன் சிகரம்' கார் விற்பனை நிலையம். அவர்களிடம் முத்திரை இருந்தது. வட்டமானது, நீல மையில்.

இந்த அறிவியல் வளர்ச்சிக்குத் தன் டயரைத் தானம் செய்தவர் ராஷ்கோ. முப்பத்தொரு வருஷம் அதே ஊரில், தலைக்கு மேலே போகும் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை, சாயம் போடுவதற்காக ஊரே முப்பது முப்பது முட்டையாக அட்டையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவர் வண்டிக்காகக் காத்து நிற்கும். மற்ற வண்டிகள் காலியாகப் போகும். முப்பத்தொரு ஈஸ்டரில் ஒரு முட்டைகூடக் கீறல் விட்டதில்லை. பணிமனைச் சுவரில் அவருடைய படம் தொங்குவது அதற்காகத்தான்.

ஓய்வு பெற்ற கையோடு, ஏப்ரல் மாதத்தில், ராஷ்கோ ஒரு புது கிராஸ்ஓவர் வாங்கினார். கிராஸ்ஓவர் என்பது ஜீப்பின் உயரமும் காரின் பயந்த சுபாவமும் கொண்ட ஒரு நவீன வாகனம். விளம்பரத்தில் அது பாறைமேல் ஏறி நின்று அஸ்தமனம் பார்க்கும். வாங்கியவர்கள் அதில் கத்தரிக்காய் வாங்கப் போவார்கள். ராஷ்கோவும் அவர் மனைவி வெலிச்காவும் அப்படியே சந்தைக்குப் போனார்கள், கோவிலுக்குப் போனார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வெலிச்காவின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். ஒரே ஒரு தடவை கடலுக்குப் போய் மீன் தின்றுவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான்.

நவம்பர் வந்தது. பனிக்கால டயர் மாட்ட வேண்டும் என்பது சட்டம். ராஷ்கோ வண்டியை வாங்கின இடத்துக்கே கொண்டுபோனார். வலது முன் சக்கரத்தைக் கழற்றியதும் பட்டறைக்காரர்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள். டயரின் வெளிப்பக்கம் புது மாப்பிள்ளை முகம்போல இருந்தது. உள்பக்க விளிம்பு சுத்த மொட்டை. உள்ளிருக்கும் கம்பி வெளியே எட்டிப் பார்த்தது.

"ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தாம்மா ஓடியிருக்கு," என்றார் ராஷ்கோ வரவேற்பு மேசைப் பெண்ணிடம். "நாற்பதாயிரம் வரும்னு சொல்லித்தானே வித்தீங்க?"

அந்தப் பெண் கணினியை ஆழ்ந்து நோக்கினாள். "நாற்பதாயிரம்ங்கறது மொத்தக் கணக்கு ஐயா. ஒன்பதாயிரம், நாலு டயர். பெருக்கிப் பாருங்க."

"முப்பத்தாறு."

"பாத்தீங்களா, கிட்டத்தட்ட வந்திருச்சு."

ராஷ்கோ விரல்விட்டு மறுபடி பெருக்கிப் பார்த்தார்; அதே முப்பத்தாறு. இருந்தாலும் 'பால்கன் சிகரம்' வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிடுகிற நிறுவனம் அல்ல. உடனடியாக 'மூவர் தொழில்நுட்ப நிபுணர் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. முதல் உறுப்பினர், நிறுவன இயக்குநர் கைதார்ஸ்கி. இரண்டாம் உறுப்பினர், பட்டறைத் தலைவர். அவர் விடுப்பில் இருந்ததால் அவர் சார்பாகவும் கைதார்ஸ்கியே மனசாட்சிப்படி கையெழுத்திட்டார். மூன்றாம் உறுப்பினர் எந்தப் பக்கமும் சாராத 'சுயேச்சை நிபுணர்'. அவர் கைதார்ஸ்கியின் மாமனார், கல்லறைக் கல் செதுக்குபவர். உலகில் எதுவும் நிலையில்லை என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

குழு ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம் முழுக்க டயரைப் பார்த்தது. பிறகு அறிக்கை தந்தது. 'வலது முன் டயரின் அகால, சமச்சீரற்ற தேய்மானத்துக்குக் காரணம்: ஓட்டுநரின் ஓட்டும் பாணி.' கீழே மூன்று கையெழுத்து, ஒரு நீல முத்திரை. வாரண்டி கிடையாது.

ராஷ்கோ அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வெலிச்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேசைமேல் வைத்துவிட்டுச் சூப்பைக் கிளறப் போனாள்.

மறுநாள் சந்தைக்குக் கிளம்பினார்கள். முதல் திருப்பத்தில் ராஷ்கோ தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தார். கதவுக்கு மேலே ஒரு கைப்பிடி இருக்கும் அல்லவா, வெலிச்காவின் வலது கை அதைப் பிடித்திருந்தது.

"எதுக்கு அதைப் புடிச்சிருக்கே?"

"சும்மாத்தாங்க."

"இத்தனை மாசமா புடிக்கலையே?"

"இத்தனை மாசமா எனக்குத் தெரியாதே."

"என்ன தெரியாது?"

"மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றாள் வெலிச்கா, சாலையைப் பார்த்தபடியே. "முத்திரை வேற இருக்கு. நான் என்னத்தைக் கண்டேன்? நீங்க பாத்து ஓட்டுங்க."

டயர் போனால் போகட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கைதான் ராஷ்கோவின் நெஞ்சில் குத்தியது. இருபத்திரண்டு வயதில் அவருடைய டிராலிபஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து, "உங்க வண்டியிலதான் எனக்குத் தூக்கம் வருது," என்று சொன்னவள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளைக் கட்டிக்கொண்டார். இப்போது கத்தரிக்காய் வாங்கப் போகும்போதுகூட அவள் கண் மூடுவதில்லை.

போதாக்குறைக்குச் சகலை மிஞ்சோ. வெலிச்காவின் தங்கை புருஷன். ஞாயிற்றுக்கிழமை ராக்கியா என்கிற பழச்சாராயமும் சுட்ட மிளகாயும் மேசைக்கு வந்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டான்.

"சகலை, பணிமனையில உன் படத்தைப் பாத்தேன். நேரா தொங்கல. ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு."

"வாயை மூடு சகலை."

"கோவிச்சுக்காதே. முப்பத்தொரு வருஷம் மேலே கம்பி இருந்துச்சு, அது உன்னைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போச்சு. இப்ப கம்பி இல்ல. பாவம், தடுமாறத்தானே செய்வே!"

"அந்த டிராலிபஸ்ஸுக்கு ஸ்டீயரிங் இருக்குடா!"

"அது பயணிகளோட மனத் திருப்திக்கு."

மேசை மொத்தமும் சிரித்தது. வெலிச்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ராஷ்கோவுக்குத் தோன்றியது. அவள் சகோதரியின் தட்டில் மிளகாயை எடுத்து வைத்துக்கொண்டே, "விடுங்க, வயசாகுது இல்ல," என்றாள். ராஷ்கோ அன்று மூன்றாவது கிண்ணம் ராக்கியாவும் குடித்தார்.

அடுத்த ஒரு வாரம் ராஷ்கோ தன் 'பாணி'யைத் திருத்தப் பாடுபட்டார். திருப்பத்தில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். குழி தெரிந்தால் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஓட்டினார். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. ஒரு சவ ஊர்வலம் அவரை முந்திக்கொண்டு போனது. அப்போதும் வெலிச்கா கைப்பிடியை விடவில்லை. உண்மையில் இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில், ஊர்க்கோடியில் டயர் கடை வைத்திருக்கும் சாலியிடம் போனார். சாலி மேஸ்திரிக்கு எந்தக் குழுவும் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு காற்றடிக்கும் இயந்திரம், ஒரு நாய். மொட்டை டயரைக் கையில் வாங்கி உள்விளிம்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு சக்கரத்தடியில் குனிந்து, ஒரு நூலைக் கட்டி அளந்தார்.

"ராஷ்கோ அண்ணே, இந்த வண்டி எங்கிருந்து குதிச்சுது?"

"என் வண்டி எங்கயும் குதிக்கல மேஸ்திரி."

"குதிச்சிருக்கு. வலது முன் சக்கரம் ஒண்ணரைச் சாண் உயரத்துலேர்ந்து தொப்புனு விழுந்திருக்கு. உள்ளே ஒரு தண்டு வளைஞ்சிருக்கு, அலைன்மென்ட் போயிருச்சு. வண்டி நேராப் போகுது, இந்தச் சக்கரம் மட்டும் வெளியே பாத்துக்கிட்டு இழுபட்டுக்கிட்டே போகுது. அப்புறம் உள்பக்கம் தேயாம என்ன பண்ணும்?"

"மேஸ்திரி, நான் பிளாட்பாரத்துமேலகூட ஏத்தினதில்ல. என் பொண்டாட்டி மேல சத்தியம்."

சாலி கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகையின் மூலையைக் காட்டினார். அங்கே ஏழு டயர்கள் சாய்ந்திருந்தன. ஏழும் உள்பக்கம் மொட்டை.

"இது மருந்துக்கடைக்காரர் வண்டியோடது. இது பாதிரியாரோடது. இது பல் டாக்டர் அம்மாவோடது. எல்லாம் வலது முன் சக்கரம். எல்லாம் 'பால்கன் சிகரம்' வித்தது. எல்லார் கையிலயும் உன்கிட்ட இருக்கற அதே காகிதம். பாதிரியார் எட்டு மாசமாப் பாவமன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கார், தான் எங்க வேகமாப் போனோம்னு தெரியாம."

ராஷ்கோ வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். எதிரே சுவரில், வண்டி வாங்கிய அன்று எடுத்த படம் இருந்தது. நிறுவனம் மரச்சட்டமும் கண்ணாடியும் போட்டு இலவசமாகக் கொடுத்த படம். அதில் அவருடைய கிராஸ்ஓவர், சிவப்பு நாடா கட்டிக்கொண்டு, வலப்பக்கச் சக்கரங்களைப் பாறைமேல் ஏற்றிக் கம்பீரமாக நின்றது. அவர் எழுந்து போய்ப் பாறையைப் பார்த்தார். மூக்கு கண்ணாடியில் இடிக்கும்வரை பார்த்தார்.

அந்தப் பாறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் வருகிற பாறை வாடிக்கையாளருக்கும் கிடைக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு கைதார்ஸ்கி தன் மாமனாரைக் கொண்டு வளாகத்தில் செய்துவைத்த சிமெண்டுப் பாறை அது. ஏறுகிற பக்கம் சரிவு. மறுபக்கம் செங்குத்து, மாமனாருக்குக் கல் செதுக்கினால் விளிம்பு செங்குத்தாகத்தான் வரும், தொழில் அப்படி. வண்டியைச் சரிவில் ஏற்றி, படம் எடுத்து, பின்னால் எடுத்து இறக்கிவிட வேண்டும் என்பது திட்டம்.

ஆனால் திட்டம் போட்டவர்கள் தண்ணீரை மறந்துவிட்டார்கள். புது வண்டி கிளம்பும்போது அதன் முன்னால் செப்புச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றாத குடும்பம் ஸ்லிவெனில் உண்டா? எல்லாம் தண்ணீர் மாதிரி தடங்கல் இல்லாமல் போகட்டும் என்று ஊற்றுவார்கள். ஊற்றிய பிறகு வண்டி அந்தத் தண்ணீர்மேல் ஏறி முன்னால்தான் போக வேண்டும். பின்னால் எடுத்தால் குடும்பத்துக்கே ஆகாது. ஆகவே முதல் வண்டியிலிருந்தே, பாறையின் முன்னால் தண்ணீர் ஊற்றப்பட்டது. பாறையின் முன்பக்கம் செங்குத்தாக இருந்தது. வண்டி முன்னால் போனது.

ஏப்ரல் மாதத்துக் காட்சி ராஷ்கோவுக்கு அப்படியே கண்முன் வந்தது. வெலிச்கா புதுச் சால்வை போட்டுக்கொண்டு, செம்பில் ஜெரானியப் பூ மிதக்க, கண் கலங்கி ஊற்றினாள். ஸ்டீயரிங்கில் இருந்தது கைதார்ஸ்கி. பாறை அருகே மாட்டியிருந்த பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'சாவி கைமாறும் வரை வாகனத்தை ஓட்டும் உரிமையும் பொறுப்பும் இயக்குநருக்கே.' பிறகு ஒரு சத்தம். தொப். வண்டி குலுங்கி நின்றது. "கேட்டீங்களா?" என்று கைதார்ஸ்கி ஜன்னல் வழியே கத்தினார். "அதுதான் சஸ்பென்ஷன்!" எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது ராஷ்கோ.

"வெலிச்கா! இங்கே வா!"

அவள் மாவுக் கையோடு வந்தாள். அவர் விரலால் பாறையின் விளிம்பைக் காட்டி, சாலி சொன்னதை எல்லாம் சொன்னார். அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்ல முகம் வாடியது.

"அப்ப நான் ஊத்தின தண்ணியாலயா?"

"சேச்சே! உன் தண்ணி நல்ல தண்ணி. பாறைதான் கெட்ட பாறை. ஓட்டினவன் அதைவிட."

வெலிச்கா படத்திலிருந்த பாறையின் விளிம்பை மாவு விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து சுவரிலிருந்து படத்தை எடுத்தாள். "நாளைக்குச் சனிக்கிழமை. அங்க புது வண்டி கொடுக்கற விழா இருக்கும். நீங்க வாயைத் திறந்தா சண்டை போட்டுருவீங்க. நான் பேசறேன்."

சனிக்கிழமை மிஞ்சோவும் கூட வந்தான், வேடிக்கை பார்க்க. வளாகத்தில் ஒரு வெள்ளை கிராஸ்ஓவர் பாறைமேல் நாடா கட்டி நின்றது. ஒரு இளம் ஜோடி, கையில் குழந்தை. செம்போடு மாமியார். ஸ்டீயரிங்கில் கைதார்ஸ்கி. மாமியார் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

ராஷ்கோவால் பொறுக்க முடியவில்லை. "பின்னால எடுங்க! ஐயா, பின்னால எடுத்து இறக்குங்க!"

மாமியார் திரும்பினாள். "யாருய்யா நீ? நல்ல நாளும் அதுவுமா! தண்ணி ஊத்தினப்புறம் பின்னால எடுக்கவா? உன் வாயில புண்ணு வர!"

தொப்.

"கேட்டீங்களா? அதுதான் சஸ்பென்ஷன்!"

கைதட்டல். மிஞ்சோவும் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டு, சகலையின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான்.

கைதார்ஸ்கி இறங்கி வந்தார். ராஷ்கோவைக் கண்டதும் அவர் முகத்தில் 'வாடிக்கையாளர் புகார்' என்ற பாவம் தோன்றியது. அதற்குள் வெலிச்கா முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, ஒரு சின்ன உதவி. எங்க வீட்டுப் படம் இது. பேத்தி கேக்கறா, 'பாட்டி, பாறைமேலேர்ந்து இவ்வளவு வீரமா வண்டியை இறக்கினது யாரு?'ன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா..."

கைதார்ஸ்கியின் முகம் மலர்ந்தது. "பேத்திக்கா! அதுக்கென்னம்மா? இதுவரைக்கும் இருநூத்துப் பதினஞ்சு வண்டி. ஒண்ணைக்கூட இன்னொருத்தன் கையில கொடுத்ததில்ல!"

படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார்: 'இந்த வாகனம் உட்பட இருநூற்றுப் பதினைந்து வாகனங்களையும் பாறையிலிருந்து என் கையாலேயே ஓட்டி இறக்கினேன். கைதார்ஸ்கி.'

"முத்திரை?" என்றாள் வெலிச்கா. "முத்திரை இல்லாம எங்க வீட்டுல எதையும் நம்ப மாட்டோம்."

அவர் உள்ளே போய் முத்திரையும் வைத்து எடுத்துவந்தார். வட்டமானது, நீல மையில்.

வெலிச்கா கைப்பையைத் திறந்து மூவர் குழுவின் அறிக்கையை எடுத்தாள். படத்தையும் அறிக்கையையும் ஒன்றாக வைத்து, ஒரு குண்டூசி குத்தினாள். "ஓட்டுநரின் ஓட்டும் பாணின்னு போட்டிருக்கீங்க. ஓட்டுநர் பேரு போட விட்டுப்போச்சு. இப்ப சரியா இருக்கு."

கைதார்ஸ்கி படித்தார். மறுபடி படித்தார். "அம்மா, இது... இது வெறும் நினைவுப் பரிசுதானே?"

"முத்திரை இருக்கே ஐயா."

"சாலி மேஸ்திரி கடையில இன்னும் ஏழு டயர் இருக்கு," என்றார் ராஷ்கோ. "ஒண்ணு பாதிரியாரோடது. அவர் உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கார், ஆளு யாருன்னு தெரியாம."

வெள்ளை வண்டி வாங்கிய இளைஞன், சாவியைக் கையில் வைத்தபடியே, குனிந்து தன் வலது முன் சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அவன் மாமியார் காலிச் செம்போடு கைதார்ஸ்கியைப் பார்க்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை வெகு வேகமாக நடந்தது. புது டயர், புதுத் தண்டு, அலைன்மென்ட், எல்லாம் அன்றைக்கே முடிந்தன. நிறுவனத்தின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். திங்கட்கிழமையே பாறையைச் சுற்றிக் கயிறு கட்டி, ஓர் அறிவிப்பும் வைத்துவிட்டார்கள்: 'பாறையின் விளிம்பு அகாலமாகவும் சமச்சீரற்றும் தேய்ந்துள்ளது. காரணம்: வாடிக்கையாளர்களின் வாகனங்கள்.' மூன்று கையெழுத்து இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலையே, வீடு திரும்பும் வழியில் வெலிச்கா வண்டியை நிறுத்தச் சொன்னாள். கடைக்குள் போய் முப்பது முட்டை அட்டையொன்று வாங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஈஸ்டருக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே?" என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த மிஞ்சோ.

"நீ பேசாம வா," என்றாள் அவள்.

ராஷ்கோ ஓட்டினார். டிராலிபஸ் வழித்தடத்திலேயே போனார். அந்தச் சாலையில் எந்தக் குழி எங்கே என்று அவருக்கு மனப்பாடம். சந்தைத் திருப்பத்தில் பக்கத்தில் பார்த்தார். அவளுடைய இரண்டு கையும் முட்டை அட்டையின்மேல் இருந்தன. கண் மூடியிருந்தது. லேசாகக் குறட்டைகூடக் கேட்டது.

வீட்டில் எண்ணிப் பார்த்தார்கள். முப்பதும் முழுசு. மிஞ்சோ ஒவ்வொன்றாக விளக்குக்கு நேராகப் பிடித்துக் கீறல் தேடினான். ஒன்றும் அகப்படாமல், "சரி சகலை, ஒத்துக்கறேன்," என்று ராக்கியாவை ஊற்றினான்.

ஆகவே மூவர் குழுவின் அறிக்கையில் ஓர் எழுத்தும் பிழையில்லை என்பதை இங்கே மரியாதையோடு பதிவு செய்கிறோம். டயர் தேய்ந்ததற்குக் காரணம் ஓட்டுநரின் ஓட்டும் பாணிதான். அந்த ஓட்டுநர் ஓட்டியது வண்டிக்கு நாலே மீட்டர். தேய்த்தது இருநூற்றுப் பதினைந்து குடும்பங்களை.